பட்டன் டீச்சரின் ஓரக் குறிப்பு

என் அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலானவள். இதை அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதால் நான் எழுதுவதில் தவறில்லை. புதிதாக ஒரு பள்ளிக்குள் நுழைந்து, தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டி, "எண்ணறிவு பார்க்க வந்த மேடம் நீங்கதானா?" என்று கேட்டால், "ஆமா சார். கணக்குல ஒரு தடவை கோட்டை விட்டவ. அனுபவம் இருக்குன்னு அனுப்பிட்டாங்க" என்பாள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கையிலிருக்கும் உத்தரவை இன்னொரு தடவை படித்துப் பார்ப்பார்கள்.

அந்தப் பரீட்சையில் அவளுடைய செய்முறைகள் பெரும்பாலும் சரி. கடைசி வரியில் விடையை எடுத்து எழுதும்போதுதான் தடுமாறியிருந்தாள். திருத்தியவர் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். "மேலே இருக்கிறதைப் படிச்சிருந்தா அந்த மனுஷனுக்கு நேரம் போயிருக்கும், பாவம்" என்று இப்போது சிரிக்கிறாள். அப்போது மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். மறுமுறை எழுதித் தேறி, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒன்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்த பிறகு, கல்வி அலுவலகம் அவளைப் பரிசோதகராக எடுத்துக்கொண்டது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்கு எண்ணத் தெரிகிறதா, எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு நாளைக்குப் பதினைந்து பிள்ளைகள். பள்ளிகள் இதற்கென்று தனி அறை தருவதில்லை. நூலகத்தின் மூலை, உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறை, ஒரு தடவை மாடிப்படியின் அடிப்பகுதி. எங்கே போனாலும் அவள் முதலில் செய்வது ஒன்றுதான். தன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பிள்ளை உட்காரும் அதே குட்டி நாற்காலி இன்னொன்று கேட்டு வாங்கி, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொள்வாள்.

பையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் நாற்பது பட்டன்கள், எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு, நான்கு ஓட்டை. அலுவலகம் கொடுத்தவை பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டுத் துப்பாக்கி செய்தார்கள். பிறகு வீட்டிலிருந்த பட்டன்களைப் போட்டுப் பார்த்தாள். நிறம் நிறமாக இருந்ததால் பிடித்ததைப் பொறுக்கினார்கள். கடைசியில் ஒரு தையற்கடையில் கெஞ்சி ஒரே மாதிரி நாற்பது வாங்கினாள். அன்றிலிருந்து அவள் போகும் ஆறு பள்ளிகளிலும் அவளுக்குப் பெயர் பட்டன் டீச்சர். டப்பாவோடு பழைய பாவாடையில் வெட்டிய கருநீலத் துணி ஒன்றும் இருக்கும். பட்டன்களில் சிலவற்றைத் துணியால் மூடிவிட்டு, "அடியில எத்தனை?" என்று கேட்பதற்கு.

விடையைவிட அவளுக்கு முக்கியம், விடை எந்த வழியாக வருகிறது என்பது. உதடு அசைகிறதா, தலை ஆடுகிறதா, கண் பட்டன் பட்டனாகத் தாவுகிறதா. ஷூவுக்குள் கால்விரலால் எண்ணுகிற பிள்ளைகள்கூட உண்டு என்பாள். புதுக் கேள்வி ஏதாவது வந்தால் முதல் பலி அத்தான்தான். அவர் மின்வேலை பார்ப்பவர், ஆறடி உயரம். சாப்பாட்டு மேசையில் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, "தெரியாது டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது" என்பார். அக்கா சிரிக்காமல் அதையும் குறித்துக்கொள்வாள்.

குறித்துக்கொள்வது அவளுடைய வியாதி. படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு கட்டம். சரி என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி. அவ்வளவுதான் அலுவலகம் கேட்பது. அக்கா கட்டத்தில் குறியைப் போட்டுவிட்டு, ஓரத்தில் பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை அப்படியே எழுதிவைப்பாள். ஓரத்தில் கிறுக்கினால் இயந்திரம் படிக்காது என்று படிவங்கள் இரண்டு முறை திரும்பி வந்தன. அதன் பிறகு அலுவலகத்துக்குப் போகும் தாளைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, தன்னிடம் தங்கும் நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். நான்கு வருடத்தில் ஆயிரத்து நானூறு பிள்ளைகள். ஒரு சிறுமி வரும்வரை, அவள் போட்ட மதிப்பெண்களில் ஒன்றுகூட மறுபரிசோதனைக்குப் போனதில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை; ஆனால் அந்த எண்ணிக்கை அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

அந்தச் சிறுமி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறரை வயது. வகுப்பாசிரியர் கதவுவரை கொண்டுவந்து விட்டு, "இது ஒரு ஊமைக்கோட்டான் மேடம். உங்க நேரம்தான் வீண்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். முதல் பகுதியில் முப்பது வரை எண்ணச் சொல்ல வேண்டும். சிறுமி மெல்லிய குரலில் பத்து வரை வந்து நின்றாள். மேலே போகச் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பத்தில் நின்றாள். மூன்று முறை அதேதான்.

அடுத்தது அட்டைப் பகுதி. ஒவ்வொரு அட்டையிலும் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டங்கள். சில கட்டங்களில் கறுப்புப் புள்ளி இருக்கும், சில காலியாக இருக்கும். இரண்டு நொடி காட்டி, "எத்தனை?" என்று கேட்க வேண்டும். ஐந்து புள்ளி உள்ள அட்டைக்கு அந்தச் சிறுமி சரியாக ஐந்து என்றாள். எட்டைக் காட்டினால் இரண்டு என்றாள். ஆறுக்கு நாலு. ஒன்பதுக்கு ஒன்று. பத்தும் நிறைந்த அட்டையைக் காட்டியபோது பேசாமல் இருந்தாள். ஒரு புள்ளிகூட இல்லாத அட்டையைக் காட்டியபோது முதல்முறையாகச் சிரித்து, "பத்து" என்றாள். மொத்தம் எட்டு அட்டை, ஒரே ஒரு டிக். நான்குக்குக் கீழே வந்தால் பரிசோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. துணியும் பட்டனும் வெளியே வரவே இல்லை.

அவள் பெயர் சிவப்பு வரிசையில் போனது. சிவப்பு வரிசைப் பிள்ளைகள் அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்பிலேயே இருப்பார்கள். கூடப் படித்தவர்கள் பக்கத்து அறைக்குப் போக, தான் மட்டும் அதே பெஞ்சில், புதிதாக வந்து அழுகிற பிள்ளைகளோடு.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், அக்கா நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமியின் தாள் வந்ததும் அக்காவின் கை நின்றது. காலி அட்டைக்கு எழுதியிருந்த குறிப்பைப் படித்தாள்: "பத்து. சிரித்தாள்."

"இந்தச் சிரிப்புதான் எனக்கு முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கு," என்றாள். "தெரியாத பிள்ளை சிரிக்காது. முழிக்கும்."

ஓரத்தில் இருந்ததை மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்தாள். எட்டு, ரெண்டு. ஆறு, நாலு. ஒன்பது, ஒண்ணு. ஏழு, மூணு. மூணு, ஏழு. பாதியில் குரல் தணிந்துவிட்டது. எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து, எட்டுப் புள்ளி அட்டையில் புள்ளி இல்லாத கட்டங்களில் பட்டன் வைத்தாள். இரண்டு பட்டன். அடுத்த அட்டைக்கு நாலு. அத்தான் மேலேயிருந்து, "என்ன, டீச்சரே பரீட்சை எழுதுறாங்க?" என்றார். அவள் நிமிரவில்லை.

"இவ ஒண்ணுகூடத் தப்பா சொல்லல," என்றாள். "நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்."

ஏன் ஒரு பிள்ளை இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை எண்ண வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. பள்ளியில் விசாரித்து, சிறுமியின் அம்மா முட்டை பொதியும் கூடத்தில் வேலை பார்ப்பதாகத் தெரிந்துகொண்டு, அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நீளமான தகரக் கூரைக் கட்டடம். வைக்கோலும் ஈர அட்டையும் கலந்த வாசனை. நீண்ட மேசையின் மேல் பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்துவந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஐந்து குழி, கீழே ஐந்து குழி. அக்கா என் கையை அழுத்தினாள்.

மேசையின் நடுவில் விளக்கின் முன் நின்ற பெண்கள் கீறல் விட்ட முட்டைகளை எடுத்துவிடுவார்கள். அதனால் கடைசிக்கு வரும்போது பெட்டிகளில் அங்கங்கே குழி காலியாக இருக்கும். கடைசியில் இருந்தவள்தான் அந்தச் சிறுமியின் அம்மா. அவளுக்குப் பின்னால் ஒரு கூடை நிறைய நல்ல முட்டைகள். சிறுமி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி வந்ததும் சிறுமி, "மூணு" என்றாள். அம்மா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு மூன்று முட்டைகளை எடுத்து வைத்து மூடினாள். "ஒண்ணு." ஒன்று. அடுத்த பெட்டி நிறைந்திருந்தது. சிறுமி வாயே திறக்கவில்லை. அம்மா மூடியை மூடி நகர்த்திவிட்டாள்.

எங்களைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவளை வேலை வாங்கலீங்க," என்றாள். "வீட்டுல தனியா விட முடியாது. சும்மா உட்கார்ந்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டிருப்பா."

"வாய்க்கு வந்ததுன்னா அதை நம்பி நீங்க எப்படிம்மா முட்டை எடுக்கறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அவ சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றாள் அந்தப் பெண். பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்ததுபோல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று பள்ளி நீட்டிய தாளில் அவள் போன வாரம்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று மாலையே அக்கா கடிதம் எழுத உட்கார்ந்தாள். அலுவலகக் கடிதங்கள் எங்கள் வீட்டில் பேசாத மொழியில் போக வேண்டும். பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் வீட்டில் அந்த வேலை எனக்கு. ஒரு தவறு நிகழ்ந்துவிட்டதாகத் தெரியவந்துள்ளது என்ற பொருளில், யார் செய்த தவறு என்று தெரியாதபடி நயமாக ஒரு வாக்கியம் அமைத்தேன். எனக்கே அது பிடித்திருந்தது. அக்கா அதை எங்கள் மொழியில் சொல்லச் சொன்னாள்.

"தப்பு தானா நிகழ்ந்துச்சா? மழையா அது?" என்றாள். "'நான் தப்பா மார்க் போட்டேன்'னு எழுது. அந்த மொழியில 'நான்'னு ஒரு வார்த்தை இருக்கில்ல?"

இருந்தது. எழுதினேன்.

அலுவலகத்தின் பெரிய மேடம் கடிதத்தை மேசையின் மேல் வைத்து அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாராம். கெட்டவர் இல்லை, காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். ஓரத்தில் கிறுக்காதீர்கள் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

"நாலு வருஷமா உங்க பேர்ல ஒரு திருத்தம் இல்ல. இதை நான் வாங்கிட்டா பதிவேட்டுல ஏறிடும். யோசிச்சுட்டுத்தான் குடுக்கறீங்களா?"

"என் பேரு பதிவேட்டுல ஏறட்டும் மேடம்," என்றாள் அக்கா. "அந்தப் பிள்ளை ரெண்டாம் வகுப்புக்கு ஏறணும்."

மறுபரிசோதனையை வேறொருவர்தான் செய்ய வேண்டும். முதலில் மதிப்பெண் போட்டவர் அறையில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. பெரிய மேடம் தானே வருவதாகச் சொல்லிவிட்டார். அன்று நடந்ததை அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பெரிய மேடம் மாதிரியும் சிறுமி மாதிரியும் மாறி மாறி உட்கார்ந்து நடித்துக் காட்டினாள். அத்தானையும் என்னையும் அசையவிடவில்லை.

பெரிய மேடம் பெரிய நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எட்டுப் புள்ளி அட்டையைக் காட்டினார். சிறுமி, "ரெண்டு" என்றாள். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாளாம். மேடத்தின் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. கடிதத்தைப் படித்திருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை அவர். அட்டையை மறுபடி திருப்பினார்.

"இதுல கறுப்புப் புள்ளி எத்தனை இருக்கும்மா?"

"எட்டு."

"தெரியுதில்ல? அப்புறம் ஏன் ரெண்டுன்னு சொன்னே?"

சிறுமி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "இருக்கிறதை எதுக்கு எண்ணணும்?" என்றாள். "அதுதான் இருக்கே."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தாள். மேடம் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எழுந்து, பெரிய நாற்காலியைத் தள்ளிவிட்டு, குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு துணி வந்தது. பதினொரு பட்டன்களைக் காட்டிச் சிலவற்றை மூடினார். வெளியே நாலு தெரிந்தது. "ஏழு," என்றாள் சிறுமி, துணி முழுதாக விழுவதற்குள். படிவத்தில் இருந்த கேள்விகள் தீர்ந்துபோயின. மேடம் நிறுத்தவில்லை. டப்பாவிலிருந்து இருபத்து மூன்று பட்டன்களை எண்ணிப் போட்டு, இது எத்தனை என்று கேட்டார். சிறுமி பட்டன்களை ஐந்து ஐந்தாக வரிசை பிடித்தாள். இரண்டு வரிசை சேர்ந்ததும் கையால் தள்ளி ஒதுக்கினாள். இன்னும் இரண்டு வரிசை, அதையும் ஒதுக்கினாள்.

"ரெண்டு பொட்டி. அப்புறம் மூணு."

இருபது என்ற சொல்லோ இருபத்து மூன்று என்ற சொல்லோ அவள் வாயில் வரவில்லை. ஆனால் அந்த எண் அவள் கையில் இருந்தது. மேடம் பேனாவை எடுத்தார். அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை. ஒரு கணம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலில்கூட இல்லை, மையில், அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது சிறுமி துணியை எடுத்துப் பட்டன்களின் மேல் போட்டாள். "இப்ப நீங்க சொல்லுங்க. அடியில எத்தனை?" பெரிய மேடத்தின் உதடுகள் அசைந்தன. கால்விரல்களும் அசைந்திருக்கும், ஷூ போட்டிருந்ததால் தெரியவில்லை என்றாள் அக்கா.

சிறுமிக்குக் கிடைத்தது பச்சை வரிசை இல்லை, மஞ்சள். பத்துக்கு மேல் எண்களின் பெயர்களை அவள் இன்னும் கற்றாக வேண்டும். "அது நியாயம்தான். அது நிஜமாவே அவளுக்குத் தெரியாது," என்றாள் அக்கா. மஞ்சள் வரிசைப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போகலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் தனியாகச் சொல்லித்தருவார்கள். அவளுடைய அம்மா போட்ட கையெழுத்துத் தாள் ரத்தாகி, புதுத் தாளில் புதுக் கையெழுத்து வாங்கினார்கள்.

வருட முடிவில் பரிசோதகர்கள் கூட்டத்தில் ஒவ்வொருவர் பேரையும் வாசித்து, பார்த்த பிள்ளைகள் எத்தனை, திருத்தம் எத்தனை என்று சொல்வார்கள். பதினேழு பேருக்குத் திருத்தம் இல்லை. அக்காவுக்கு ஒன்று. கூடத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டில் இதைச் சொன்னபோது அத்தான், "பத்தாம் வகுப்புக்கு அப்புறம் இப்பதான் ஒரு சிவப்புக் கோடு வாங்கியிருக்கா என் பொண்டாட்டி. இனிப்பு வாங்கிட்டு வரவா?" என்றார். அவள் முறைத்தாள். அவர் நிஜமாகவே வாங்கிவந்தார்.

பதினேழு பேரில் யாருமே தவறு செய்யாதவர்களாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. என் அக்கா தான் போட்ட தப்பு மதிப்பெண்ணைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்தவள் என்பது மட்டும் தெரியும். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. "நான்" என்ற சொல் முதல் வரியிலேயே வருகிறது.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் அக்கா அங்கே போயிருந்தாள். இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து, யார் யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்த அந்தச் சிறுமி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கிய அதே பிள்ளை, வாசலில் நின்ற அக்காவுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வேணும் டீச்சர்."

ஆசிரியர் பெயர்களை முடித்துவிட்டு வராதவர்களைக் கூட்டிப் பார்த்தார். இரண்டுதான்.